டி.என்.ஏ. இழையின் திசையறிந்து புரோமோட்டரைக் கண்டுபிடித்தல்: லாக் ஓபரானை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கத் தொடங்க ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி வந்து அமரும் டி.என்.ஏ. பகுதிக்குப் புரோமோட்டர் என்று பெயர். அது எங்கே இருக்கும் என்று உயிர்த்தொழில்நுட்ப மாணவர் யாரைக் கேட்டாலும் "மரபணுவுக்கு முன்னால்" என்று தயங்காமல் சொல்லிவிடுவார். தரவுத்தளத்தில் ஓர் உண்மையான மரபணுவைத் திறந்து காட்டி, இதில் முன்னால் என்பது எந்தப் பக்கம், எண்கள் கூடும் பக்கமா குறையும் பக்கமா என்று கேட்டால்தான் தடுமாற்றம் தெரியவரும். புரோமோட்டரைத் தேடும் வேலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை புரோமோட்டரைப் பற்றிய அறியாமையால் வருவதில்லை. இழையின் திசையை முதலிலேயே உறுதி செய்துகொள்ளாததால் வருகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியின் முதற்பாதி முழுவதும் திசையைப் பற்றியது. அதற்குப் பின்தான் தேடல்.

எடுத்துக்காட்டாக ஈ. கோலை பாக்டீரியாவின் லாக் ஓபரானை எடுத்துக்கொள்கிறேன். ஓபரான் என்பது ஒரே புரோமோட்டரின் கீழ் சேர்ந்து படியெடுக்கப்படும் அடுத்தடுத்த மரபணுக்களின் தொகுதி; லாக் ஓபரானில் லாக்-இசட், லாக்-ஒய், லாக்-ஏ என்ற மரபணுக்கள் இருக்கின்றன. ஜாக்கோபும் மோனோவும் 1961-இல் மரபணுக் கட்டுப்பாட்டை விளக்கியது இதை வைத்துத்தான். இதன் ஒவ்வோர் எழுத்தும் பல்வேறு ஆய்வகங்களில் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்டிருப்பதால், நாம் கணக்கிட்டுப் பெறும் விடை சரிதானா என்பதை உடனுக்குடன் ஒத்துப்பார்க்க முடியும். தவிர, இந்த ஓபரான் தரவுத்தளத்தில் எதிர் இழையில் அமைந்திருப்பது கற்பதற்கு மிகவும் வசதியானது.

முதற்படி: திசை எங்கிருந்து வருகிறது

டி.என்.ஏ.வின் முதுகெலும்பு, டிஆக்சிரைபோஸ் என்ற சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி இணைந்த சங்கிலி. அந்தச் சர்க்கரையின் கார்பன் அணுக்களுக்கு 1′ முதல் 5′ வரை எண் இடப்பட்டுள்ளது. 1′ கார்பனில் ஏ, டி, ஜி, சி என்று நாம் எழுதும் காரங்களில் ஒன்று ஒட்டியிருக்கும். 5′ கார்பனில் பாஸ்பேட் இருக்கும். 3′ கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கும். ஒரு நியூக்ளியோடைடின் 3′ ஹைட்ராக்சிலோடு அடுத்ததன் 5′ பாஸ்பேட் இணைவதால், சங்கிலியின் ஒரு முனையில் 5′ கார்பனும் மறுமுனையில் 3′ கார்பனும் இணைப்பின்றி எஞ்சுகின்றன. இழைக்குத் திசை உண்டு என்று சொல்வது இந்த வேதியியல் உண்மையைத்தான். நாம் வசதிக்காக வரைந்துகொண்ட அம்புக்குறி அல்ல அது.

1953-இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த அமைப்பில் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்று இடமிருந்து வலமாக 5′-இலிருந்து 3′-க்குச் சென்றால், அதன் இணை வலமிருந்து இடமாக 5′-இலிருந்து 3′-க்குச் செல்லும். நெடுஞ்சாலையின் இரு பக்கங்களைப் போல என்று எண்ணிக்கொள்ளலாம்: இரண்டிலும் வண்டிகள் முன்னோக்கியே போகின்றன, ஆனால் ஒருவருக்கு முன்னால் இருப்பது மற்றவருக்குப் பின்னால் இருக்கிறது.

பாலிமரேஸ் நொதிகள் புதிய நியூக்ளியோடைடை வளரும் சங்கிலியின் 3′ முனையில் மட்டுமே சேர்க்கின்றன. எனவே ஆர்.என்.ஏ. எப்போதும் 5′-இலிருந்து 3′-க்கு வளரும். அதற்கு அச்சாக இருக்கும் டி.என்.ஏ. இழையைப் பாலிமரேஸ் 3′-இலிருந்து 5′-க்கு வாசிக்கும். இதனால்தான் எந்த வரிசையையும் இடப்பக்கம் 5′, வலப்பக்கம் 3′ என்று எழுதுவது மரபாயிற்று. முனைகள் குறிக்கப்படாத வரிசை எதைக் கண்டாலும் இந்த மரபின்படியே வாசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: இரண்டு இழைகளுக்கு நான்கு பெயர்கள்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. வார்ப்புரு இழை, குறியீட்டு இழை என்ற பெயர்கள் ஒரு குறிப்பிட்ட மரபணுவைப் பொறுத்தவை. பாலிமரேஸ் வாசிக்கும் இழை வார்ப்புரு. அதன் இணை குறியீட்டு இழை. தூது ஆர்.என்.ஏ.வின் வரிசை குறியீட்டு இழையின் வரிசையேதான், டி-க்குப் பதில் யூ இருப்பது மட்டுமே வேறுபாடு. புரோமோட்டரின் வரிசையை ஆய்வுக் கட்டுரைகளும் பாடநூல்களும் குறியீட்டு இழையில்தான் எழுதுகின்றன.

கூட்டல் இழை, கழித்தல் இழை என்ற பெயர்களோ முழு ஜீனோமைப் பொறுத்தவை. ஜீனோமைப் பதிவு செய்தவர்கள் ஏதோ ஓர் இழையைத் தேர்ந்து அதற்கு எண் கொடுத்தார்கள். அது கூட்டல் இழை. ஈ. கோலை கே-12 எம்.ஜி.1655 வகையின் ஜீனோம் 46,41,652 எழுத்துகள் கொண்ட வட்டம். அதன் 1 என்ற எண், தர் எனப்படும் திரியோனின் ஓபரானுக்குச் சற்று முன்னால் வருமாறு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் வேறொன்றாக இருந்திருந்தாலும் பாக்டீரியாவுக்கு ஒரு குறையும் இல்லை. சில மரபணுக்களுக்குக் கூட்டல் இழை குறியீட்டு இழையாக இருக்கும், சிலவற்றுக்குக் கழித்தல் இழை. "கூட்டல் இழைதான் குறியீட்டு இழை" என்ற எண்ணம் மனத்தில் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை இப்போதே களைந்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: தரவுத்தளப் பதிவை வாசித்தல்

எம்.ஜி.1655 ஜீனோமின் மூன்றாம் பதிப்பைத் திறந்தால், தர்-எல் மரபணுவின் இடம் 190..255 என்று வெறுமனே குறிக்கப்பட்டிருக்கும். லாக்-இசட் மரபணுவின் இடமோ, நிரப்பு இழை எனப் பொருள்படும் "காம்ப்ளிமென்ட்" என்ற சொல்லுடன், அடைப்புக்குறிக்குள் 363231..366305 என்று இருக்கும். மரபணுக்களின் இடங்களைப் பட்டியலிடும் ஜி.எஃப்.எஃப். கோப்பாக இருந்தால் ஏழாம் நிரலில் முன்னதற்குக் கூட்டல் குறியும் பின்னதற்குக் கழித்தல் குறியும் இருக்கும்.

தர்-எல் கூட்டல் இழையில் இருப்பதால் அதன் தொடக்கக் கோடான் (புரதக் குறியீட்டின் முதல் மூன்றெழுத்துச் சொல்) 190-இல் தொடங்குகிறது, புரோமோட்டர் 190-ஐ விடக் குறைந்த எண்களில் இருக்கிறது. இது எல்லோருக்கும் இயல்பாகப் புரிகிறது. லாக்-இசட் கழித்தல் இழையில் இருப்பதால் அதன் தொடக்கக் கோடான் பெரிய எண்ணான 366305-இல் தொடங்கி, எண்கள் குறையக் குறைய மரபணு நீண்டு, 363231-இல் நிறுத்தக் கோடானோடு முடிகிறது. அதன் புரோமோட்டர் 366305-ஐ விடப் பெரிய எண்களில் இருக்கிறது. சிறிய எண்ணைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு 363231-க்கு முன்னால் தேடுபவர் லாக்-இசட்டின் வாலைத் தாண்டி, 51 எழுத்து இடைவெளிக்கு அப்பால் லாக்-ஒய் மரபணுவுக்குள் நுழைந்துவிடுவார். அங்கும் புரோமோட்டர் போலத் தோன்றும் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும். ஏன் கிடைக்கும் என்பதைப் பின்னால் காண்போம்.

மென்பொருள்களில் தொடக்கம், முடிவு என்ற பெயர்களில் வரும் நிரல்கள் பெரும்பாலும் சிறிய எண், பெரிய எண் என்பதையே குறிக்கின்றன. உயிரியல் தொடக்கத்தை அல்ல. இடங்களைக் குறிக்கும் இன்னொரு வடிவமான பெட் வகைக் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவற்றில் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் முதல் எண் மட்டும் ஒன்று குறைவாக இருக்கும். லாக்-இசட் அங்கே 363230, 366305 என்று வரும்.

பதிப்பு எண்ணையும் எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். இதே ஜீனோமின் இரண்டாம் பதிப்பில் லாக்-இசட்டின் இடம் 362455..365529. இரண்டுக்கும் இடையே 776 எழுத்து வேறுபாடு. பழைய கட்டுரையிலிருந்து எடுத்த எண்ணைப் புதிய பதிப்பில் இட்டால் மரபணுவின் நடுவே எங்கோ போய் நிற்போம். பாதுகாப்பான சோதனை ஒன்று இருக்கிறது: பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் இரண்டு பதிப்பிலும் 3075 வருகிறது. அது மூன்றால் மீதியின்றி வகுபட்டு 1025 கோடான்களைத் தருகிறது, அதாவது லாக்-இசட் தரும் பீட்டா-கேலக்டோசிடேஸ் புரதத்தின் 1024 அமினோ அமிலங்களும் ஒரு நிறுத்தக் கோடானும். இத்தகைய கணக்கு ஒத்துவந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: தலைகீழ் நிரப்பு வரிசை

கழித்தல் இழை மரபணுவை அதன் சொந்தத் திசையில் வாசிக்க, கூட்டல் இழை வரிசையை நிரப்பவும் வேண்டும், தலைகீழாக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வது, செய்யாமல் விடுவதை விட மோசம். ஏனெனில் அப்போது கிடைப்பது எந்த இழையிலும் இல்லாத வரிசை.

லாக் புரோமோட்டரின் ஆறெழுத்துத் துண்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம். குறியீட்டு இழையில் அது டி-ஏ-டி-ஜி-டி-டி. ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று ஒவ்வொன்றையும் நிரப்பினால் ஏ-டி-ஏ-சி-ஏ-ஏ கிடைக்கும். இது எதிர் இழையின் எழுத்துகள்தான், ஆனால் 3′-இலிருந்து 5′-க்கு எழுதப்பட்டவை. அதைத் திருப்பினால் ஏ-ஏ-சி-ஏ-டி-ஏ. தரவுத்தளத்தின் கூட்டல் இழையில் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசி வரிசை. நிரப்பாமல் திருப்ப மட்டும் செய்தவருக்கு டி-டி-ஜி-டி-ஏ-டி கிடைக்கும். அதை அந்த இடத்தில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது.

கையால் செய்வது கற்றுக்கொள்வதற்கு. வேலைக்கு என்று வரும்போது எம்பாஸ் தொகுப்பின் ரெவ்சீக், பெட்டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் போதும். ஆனால் பெட்டூல்ஸில் வரிசையைப் பிரித்தெடுக்கும்போது இழையைக் கணக்கில் கொள்ளச் சொல்லும் "-எஸ்" விருப்பத்தைத் தராவிட்டால், கழித்தல் இழை மரபணுவுக்கும் அது கூட்டல் இழையையே தந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எனவே கிடைத்த வரிசையின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். லாக்-இசட்டைச் சரியான திசையில் எடுத்திருந்தால் ஏ-டி-ஜி என்று தொடங்கும். தவறான திசையில் எடுத்திருந்தால் வரிசையின் இறுதியில் சி-ஏ-டி என்று நிற்கும்.

ஐந்தாம் படி: தேட வேண்டிய பரப்பைக் குறுக்குதல்

மேற்பக்கத்தில், அதாவது குறியீட்டு இழையில் மரபணுவின் 5′ பக்கத்தில், அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். லாக்-இசட்டுக்கு மேலே, அதே கழித்தல் இழையில், அடக்கிப் புரதத்தைத் தரும் லாக்-ஐ மரபணு 366428..367510 என்ற இடத்தில் இருக்கிறது. அதன் கடைசி எழுத்து 366428. ஆக இரண்டு மரபணுக்களுக்கும் இடையே 366306 முதல் 366427 வரை 122 எழுத்துகளே உள்ளன. நாற்பத்தாறு லட்சம் எழுத்துகளிலிருந்து நூற்றிருபத்திரண்டுக்கு வந்துவிட்டோம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்த மரபணுவுக்குத் தனிப் புரோமோட்டர் இருக்கத்தான் வேண்டுமா? பாக்டீரியாவில் பல மரபணுக்கள் ஓபரானின் உறுப்பினர்கள். லாக்-ஒய், லாக்-ஏ இரண்டும் லாக்-இசட்டின் புரோமோட்டரிலிருந்து கிளம்பும் ஒரே தூது ஆர்.என்.ஏ.வில் சேர்ந்தே படியெடுக்கப்படுகின்றன. லாக்-ஒய்க்கு நேர் மேலே இருக்கும் 51 எழுத்துகளில் அதன் புரோமோட்டரைத் தேடுவது வீண். ஒரே திசையில், மிகக் குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து மரபணுக்கள் இருந்தால் ஓபரான் என்று ஐயுற்று, தொகுதியின் முதல் மரபணுவுக்குப் போய்விட வேண்டும்.

மேற்பக்கத்து மரபணு எதிர்த்திசையில் ஓடினால் நிலைமை வேறு. ஈ. கோலையின் அரா-சி மரபணுவும் அரா-பி-ஏ-டி ஓபரானும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி எதிரெதிரே ஓடுகின்றன. இடையிலுள்ள சிறு பகுதியில் இரண்டுக்கும் தனித்தனிப் புரோமோட்டர்கள் இருக்கின்றன. அங்கே ஒரே துண்டை இரண்டு திசையிலும் வாசித்தாக வேண்டும்.

ஆறாம் படி: புரோமோட்டரை எழுத்து எழுத்தாக அடையாளம் காணுதல்

பாக்டீரியாவின் வழக்கமான புரோமோட்டரை அறிவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் சிக்மா-70 என்ற துணைப்புரதம். அது இரண்டு ஆறெழுத்துப் பகுதிகளைத் தேடுகிறது. படியெடுத்தல் தொடங்கும் எழுத்துக்கு +1 என்று பெயர். அதற்கு மேற்பக்கத்தில் ஏறத்தாழ −10-இல் டி-ஏ-டி-ஏ-ஏ-டி, ஏறத்தாழ −35-இல் டி-டி-ஜி-ஏ-சி-ஏ. இவை பல புரோமோட்டர்களை ஒப்பிட்டுப் பெற்ற பொதுவடிவங்கள். இரண்டுக்கும் இடையே 17 எழுத்துகள் இருப்பது மிகச் சிறந்தது. 16-உம் 18-உம் பரவலாகக் காணப்படுகின்றன. டி.என்.ஏ. சுருள் ஏறத்தாழ பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுவதால், இடைவெளி மாறினால் தொலைவு மட்டுமன்றி இரு பகுதிகளும் சுருளின் எந்த முகத்தில் நிற்கின்றன என்பதும் மாறிவிடும். இடைவெளியின் எழுத்துகள் எவை என்பதை விட எத்தனை என்பதே முதன்மையாவது இதனால்தான்.

இப்போது லாக் புரோமோட்டரின் மையப் பகுதியைக் குறியீட்டு இழையில், 5′-இலிருந்து 3′-க்கு எழுதுகிறேன்:

5′ டி-டி-டி-ஏ-சி-ஏ / சி-டி-டி-டி-ஏ-டி-ஜி-சி-டி-டி-சி-சி-ஜி-ஜி-சி-டி-சி-ஜி / டி-ஏ-டி-ஜி-டி-டி / ஜி-டி-ஜி-டி-ஜி-ஜி / ஏ 3′

கடைசியில் தனித்து நிற்கும் ஏ-தான் +1. அதற்கு முந்தைய எழுத்து −1. இந்த எண்முறையில் சுழியம் கிடையாது. −6 முதல் −1 வரை ஆறு எழுத்துகள். −12 முதல் −7 வரை −10 பகுதி. அதற்கு மேலே 18 எழுத்து இடைவெளி. −36 முதல் −31 வரை −35 பகுதி. பொதுவடிவத்தோடு ஒப்பிட்டால் −35 பகுதியில் ஓர் எழுத்தும் −10 பகுதியில் இரண்டு எழுத்துகளும் ஒத்துவரவில்லை. இடைவெளியும் சிறந்த அளவை விட ஒன்று கூடுதல். அதாவது லாக் புரோமோட்டர் இயல்பிலேயே வலுக்குறைந்தது. அதனால்தான் −61.5-ஐ மையமாகக் கொண்டு டி-ஜி-டி-ஜி-ஏ, ஆறு எழுத்து, டி-சி-ஏ-சி-டி என்ற வடிவில், படியெடுத்தலைத் தூண்டும் கேப் புரதம் வந்து அமரும் இடம் ஒன்று அதற்குத் தேவைப்படுகிறது. −10 பகுதியின் அந்த இரண்டு எழுத்துகளையும் பொதுவடிவத்துக்கு மாற்றிய லாக்-யூ.வி.5 என்ற திரிபு கேப் உதவியின்றியே நன்றாக இயங்குகிறது; புரத உற்பத்திக்குப் பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் டி.இ.3 வகை ஈ. கோலையில் டி7 பாலிமரேஸைக் கட்டுப்படுத்துவது அதுதான்.

இதே பகுதி தரவுத்தளத்தின் கூட்டல் இழையில் இப்படித் தோன்றும்:

5′ டி / சி-சி-ஏ-சி-ஏ-சி / ஏ-ஏ-சி-ஏ-டி-ஏ / சி-ஜி-ஏ-ஜி-சி-சி-ஜி-ஜி-ஏ-ஏ-ஜி-சி-ஏ-டி-ஏ-ஏ-ஏ-ஜி / டி-ஜி-டி-ஏ-ஏ-ஏ 3′

டி-ஏ-டி-ஏ-ஏ-டி போன்ற ஒன்றைத் தேடிக்கொண்டு இந்த வரியை இடமிருந்து வலமாக மேய்பவருக்குப் புரோமோட்டர் கண்ணில் படாமலே போவதில் வியப்பில்லை.

இனி எண்களுக்கு வருவோம். குறியீட்டு இழையில் +1-ஐ முதல் எழுத்தாகக் கொண்டு எண்ணினால் லாக்-இசட்டின் ஏ-டி-ஜி +39-இல் தொடங்குகிறது. அதன் ஜீனோம் எண் 366305. கழித்தல் இழையில் மேற்பக்கம் போகப்போக எண் கூடும் என்பதால் +1-இன் எண் 366305-உடன் 38-ஐக் கூட்ட 366343. மேற்பக்க இடங்களுக்கு அந்த எண்ணோடு இடத்தின் மதிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாம்: −7 என்பது 366350, −12 என்பது 366355, −31 என்பது 366374, −36 என்பது 366379. லாக்-ஐ மரபணுவின் கடைசி எழுத்தான 366428, இந்தக் கணக்கில் −85. அதற்குப் பின் −84 முதல் −1 வரை 84 எழுத்துகள், +1 முதல் +38 வரை 38 எழுத்துகள், கூட்டினால் 122. ஐந்தாம் படியில் வேறு வழியில் பெற்ற அதே எண். இவ்வாறு இரு வழிக் கணக்கும் ஒன்றில் வந்து முட்டும் வரை முடிவை நம்புவதில்லை என்பதை வழக்கமாக்கிக்கொண்டால், ஓர் எழுத்துத் தவறும் பிழைகள் பெரும்பாலும் ஒழிந்துவிடும். கூட்டல் இழை மரபணுவாக இருந்தால் கூட்டலுக்குப் பதில் கழித்தல். மற்றபடி முறை ஒன்றே.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. +1-இலிருந்து தொடங்கும், அடக்கிப் புரதம் அமரும் ஆப்பரேட்டர் பகுதியின் முதல் ஆறு எழுத்துகள் ஏ-ஏ-டி-டி-ஜி-டி. அதன் 21 எழுத்துகளையும் தலைகீழாக நிரப்பினாலும் ஏ-ஏ-டி-டி-ஜி-டி என்றே தொடங்கும், ஏனெனில் அது ஏறக்குறைய ஒத்த இரு பாதிகளைக் கொண்டது. இத்தகைய இடங்களை வைத்துத் திசையை முடிவு செய்யக் கூடாது. திசையைச் சொல்வன −35, −10 என்ற வரிசைமுறையும் தொடக்கக் கோடானும்தான்.

ஏழாம் படி: கிடைத்தது உண்மையானதா, தற்செயலா

பொதுவடிவத்தை மட்டும் வைத்துத் தேடினால் எத்தனை போலிகள் அகப்படும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். நான்கு எழுத்துகளும் சம அளவில் வரும் என்று கொண்டால், டி-ஏ-டி-ஏ-ஏ-டி அப்படியே 4096 எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாக வரும். எம்.ஜி.1655-இன் இரண்டு இழைகளிலுமாக அது ஏறத்தாழ 2,270 இடங்கள். ஆனால் லாக் புரோமோட்டரே இரண்டு எழுத்து பிசகியது. அதைத் தவறவிடக் கூடாது என்று இரண்டு பிசகு வரை அனுமதித்தால் ஏறக்குறைய 27 எழுத்துக்கு ஒன்று கிடைக்கும். −35-இல் ஒரு பிசகு வரை, இடைவெளி 16 முதல் 18 வரை என்று நிபந்தனைகளைச் சேர்த்தாலும், ஓர் இழையில் ஏறத்தாழ 1,900 எழுத்துக்கு ஒரு போலி வந்துகொண்டே இருக்கும். தவறான பக்கத்தில் தேடியவருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது என்று முன்பு சொன்னதன் காரணம் இதுவே. கணினி தரும் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது ஊகம் மட்டுமே.

எனவே பரிசோதனைச் சான்றைத் தேட வேண்டும். ஈ. கோலைக்கு ரெகுலான்டி.பி. தரவுத்தளத்தில் ஒவ்வொரு புரோமோட்டருக்கும் எந்த வகைச் சான்று உள்ளது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சான்று இல்லாத மரபணுவுக்கு, படியெடுத்தல் தொடங்கும் புள்ளியை நீங்களே கண்டறிய 5′ ரேஸ் அல்லது பிரைமர் நீட்டிப்பு முறை உதவும். இரண்டும் ஆர்.என்.ஏ.வின் 5′ முனையைப் பிடிப்பவை, ஆனால் ஆர்.என்.ஏ. வெட்டுப்பட்ட முனையும் தொடக்க முனை போலவே தோன்றக்கூடும் என்பதை மறக்கலாகாது. தொடக்கப் புள்ளி ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம்: லாக்கிலேயே முதன்மைத் தொடக்கத்துக்கு 22 எழுத்து மேலே பி2 என்ற வேறொரு புரோமோட்டரின் தொடக்கம் இருக்கிறது.

எட்டாம் படி: மனித மரபணுவுக்கு வரும்போது மாறுபவை

திசைக் கணக்கு அப்படியே பொருந்தும். மாறுவது, தொடக்கக் கோடானிலிருந்து பின்னோக்கி எண்ணும் பழக்கம் இங்கே கைகொடுக்காது என்பது. இன்சுலின் மரபணு 11-ஆம் குரோமோசோமின் கழித்தல் இழையில், மனித ஜீனோமின் ஜி.ஆர்.சி.எச்.38 பதிப்பில் 2159779 முதல் 2161209 வரை இருக்கிறது. படியெடுத்தல் தொடங்குவது 2161209-இல். முதல் எக்சான், அதாவது தூது ஆர்.என்.ஏ.வில் எஞ்சும் துண்டு, 42 எழுத்துகள். அதில் புரதக் குறியீடு எதுவுமில்லை. அடுத்து, தூது ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் 179 எழுத்து இன்ட்ரான். பிறகு இரண்டாம் எக்சானில் 17 எழுத்துகள் கழிந்தபின்பே ஏ-டி-ஜி வருகிறது, எண் 2160971. ஏ-டி-ஜிக்கு நேர் மேலே 200 எழுத்துகளை எடுத்துப் புரோமோட்டர் என்று ஆராய்பவர் இன்ட்ரானையும் எக்சானையும்தான் ஆராய்ந்துகொண்டிருப்பார். சரியான பகுதி 2161210-இல் தொடங்கி எண்கள் கூடும் பக்கம் போகிறது. ஆயிரம் எழுத்து வேண்டுமானால் 2162209 வரை. தவறிப்போய் 2159779-க்குக் கீழே ஆயிரம் எழுத்தை எடுத்தால் ஐ.ஜி.எஃப்.2 மரபணு இருக்கும் பக்கம் போய்விடுவோம். இன்சுலின் புரோமோட்டரில் ஓர் எழுத்து மாறியதாலேயே பிறந்த சில மாதங்களுக்குள் நீரிழிவு வந்த குழந்தைகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருப்பதை நினைத்தால், எந்த ஆயிரம் எழுத்து என்பதில் கவனம் ஏன் தேவை என்று புரியும்.

வடிவங்களும் வேறு. −30 அருகில் டி-ஏ-டி-ஏ என்று தொடங்கும் டாட்டா பெட்டி இன்சுலினுக்கு உண்டு. ஆனால் மனிதப் புரோமோட்டர்களில் சிறுபான்மைக்கே அது உண்டு. பெரும்பான்மையானவை, சி-யை அடுத்து ஜி வரும் இணைகள் நெருக்கமாக உள்ள சி.பி.ஜி. தீவுகளில் அமைந்து, ஒரே புள்ளியில் தொடங்காமல் பல எழுத்துகளில் பரவலாகத் தொடங்குகின்றன. இங்கே வரிசை வடிவத்தைத் தேடுவதை விட, ஆர்.என்.ஏ.க்களின் 5′ முனைகளை அளந்த ஃபான்டம்5 திட்டத்தின் கேஜ் தரவையோ புரோமோட்டர்களுக்கான ஈ.பி.டி. தரவுத்தளத்தையோ பார்ப்பதும், யூ.சி.எஸ்.சி. ஜீனோம் உலாவியில், இயங்கும் புரோமோட்டர்களை அடுத்த ஹிஸ்டோன் புரதத்தில் காணப்படும் எச்3கே4 மும்மெத்தில் குறி எங்கே குவிந்திருக்கிறது என்று காண்பதும் நம்பகமானவை. பி.ஆர்.சி.ஏ.1, என்.பி.ஆர்.2 போல எதிரெதிரே ஓடும் இரு மரபணுக்கள் ஒரே புரோமோட்டர் பகுதியைப் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு.

திசைக் குழப்பத்துக்கு என் பார்வையில் மிகச் சிறந்த பாடம், குரோமோசோம் முனைகளை நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதியின் டெர்ட் மரபணு. 2013-இல் மெலனோமா புற்றுநோயில் அதன் புரோமோட்டரில் கண்டறியப்பட்ட இரண்டு திரிபுகளை சி228டி, சி250டி என்று அழைக்கிறார்கள். 228, 250 என்பவை அப்போதைய ஜீனோம் பதிப்பில் 5-ஆம் குரோமோசோமின் 1295228, 1295250 என்ற இடங்களின் கடைசி மூன்று இலக்கங்கள். எண் கூட்டல் இழைக்குரியது; எழுத்தோ மரபணுவின் குறியீட்டு இழைக்குரியது. டெர்ட் கழித்தல் இழையில் இருப்பதால், கூட்டல் இழையைப் பார்க்கும் மென்பொருள் அறிக்கையில் இதே திரிபு ஜி மாறி ஏ ஆனதாக இருக்கும். இரண்டும் ஒன்றே. ஏ-டி-ஜியிலிருந்து அவை −124, −146. பெரிய ஜீனோம் எண் மேலும் மேற்பக்கத்தில் இருப்பது கழித்தல் இழைக்கு உரிய அடையாளம். இந்தத் திரிபு இரண்டு இடத்திலும் சி-சி-சி-சி-டி-டி-சி-சி-ஜி-ஜி-ஜி என்ற வரிசையை உண்டாக்குகிறது. அதில் ஈ.டி.எஸ். குடும்பப் புரதங்கள் தேடும் ஜி-ஜி-ஏ-ஏ தெரியவில்லையே என்றால், தலைகீழாக நிரப்பிப் பாருங்கள்: டி-டி-சி-சி என்பது ஜி-ஜி-ஏ-ஏ-தான். இத்தகைய ஒழுங்குபடுத்தும் புரதங்கள் எந்த இழையில் தம் வடிவம் இருந்தாலும் அமர்ந்துகொள்ளும். ஆகவே அவற்றை மட்டும் இரண்டு இழைகளிலும் தேட வேண்டும். பாக்டீரியாவின் −35, −10 பகுதிகளையோ டாட்டா பெட்டியையோ மரபணுவின் திசையில்தான் தேட வேண்டும்.

ஒன்பதாம் படி: ஆய்வகத்தில் உறுதி செய்தல்

இறுதிச் சோதனை, கண்டுபிடித்த துண்டைச் சொந்தப் புரோமோட்டர் இல்லாத, எளிதில் அளக்கக்கூடிய புரதத்தைத் தரும் அறிவிப்பு மரபணு ஒன்றின் முன்னால் வைத்து அது இயங்குகிறதா என்று பார்ப்பது. லூசிஃபெரேஸ், பச்சை ஒளிர் புரதம், லாக்-இசட் ஆகிய எதுவும் இதற்கு ஏற்றது. துண்டை பி.சி.ஆர். முறையில் பெருக்க இரண்டு பிரைமர்கள், அதாவது துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குறுகிய டி.என்.ஏ. இழைகள், வேண்டும். லாக் பகுதிக்கு முன்னோக்குப் பிரைமரின் வரிசை, லாக்-ஐ முடியும் இடத்தை ஒட்டிய குறியீட்டு இழையிலிருந்து அப்படியே எடுக்கப்படும். பின்னோக்குப் பிரைமர் லாக்-இசட் தொடங்கும் இடத்தை ஒட்டிய குறியீட்டு இழையின் தலைகீழ் நிரப்பு. கூட்டல் இழையைத் திறந்து வைத்துக்கொண்டு பிரைமர் வரைபவருக்கு இவை இரண்டும் இடம் மாறிவிடும். பெருகும் துண்டு ஒன்றாகவே இருப்பதால் ஜெல்லில் பிழை தெரியாது. பிரைமர்களின் முனையில் சேர்த்த வெட்டுநொதித் தளங்கள் இடம் மாறியிருப்பதால், துண்டு தன்னைச் சுமக்கும் தாங்கி டி.என்.ஏ.வில் தலைகீழாக ஒட்டிக்கொண்ட பின்புதான் தெரியவரும்.

அதே தலைகீழ் துண்டை வேண்டுமென்றே செய்து ஒப்பீட்டுக்கு வைப்பதும் வழக்கம். சரியான திசையில் ஒளிர்வு கிடைத்துத் தலைகீழாக வைத்தால் அணைந்துவிட்டால், அது திசையுள்ள புரோமோட்டர் என்பதற்கு நல்ல சான்று. மனித உயிரணுவில் இரண்டு திசையிலும் ஒளிர்ந்தால், இருதிசைப் புரோமோட்டராகவோ, புரோமோட்டரின் இயக்கத்தைக் கூட்டும், திசையைப் பொருட்படுத்தாத என்ஹான்சராகவோ இருக்கலாம். அதைப் பிரித்தறிய, துண்டை அறிவிப்பு மரபணுவின் பின்பக்கத்துக்கு மாற்றி, முன்னால் ஒரு வலுக்குறைந்த புரோமோட்டரை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். எந்த அமைப்பில் அளந்தாலும், செருகிய துண்டின் இரு எல்லைகளையும் தாங்கியிலிருந்து உள்நோக்கி வரிசையறிந்து, −35 பகுதி அறிவிப்பு மரபணுவுக்குத் தொலைவிலும் −10 பகுதி அண்மையிலும் இருப்பதைப் பார்த்த பிறகே அளவீட்டைத் தொடங்குங்கள்.